மலைக்கோயிலுக்குக் கைக்குழந்தையோடு: பேபி கேரியர் எதுவரை கைகொடுக்கும்?

‘பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், தீர்த்தமலை ஏறி வருகிறேன்’ என்று ஏழாம் மாதத்தில் வேண்டிக்கொள்வது தர்மபுரி மாவட்டத்து அரூர்ப் பக்கம் சாதாரணம். வேண்டிக்கொள்ளும்போது மனதில் இருப்பது பழைய உடம்பும் பழைய காலைப்பொழுதும்தான். பிள்ளை பிறந்த பிறகு குளிக்கும் நேரத்தைக்கூட அதுதான் முடிவு செய்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கு, அமாவாசை விரதம், பிரதோஷம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைநழுவும். சாமி கடன் பாக்கி நிற்கிறதே என்ற உறுத்தல் மட்டும் நழுவாது. அந்த உறுத்தலில்தான் பல வீடுகளில் பேபி கேரியர் வாங்கப்படுகிறது. பிள்ளையையும் சுமக்கலாம், இரண்டு கையும் காலியாக இருக்கும், மலையும் ஏறிவிடலாம் என்ற கணக்கு.

கணக்கு பாதி சரி. இணையத்தில் கிடைக்கிற மதிப்புரைகள் பெரும்பாலும் மாலிலும் விமான நிலையத்திலும் நடப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. புடவை, வெறுங்கால், கருங்கல் படி, கற்பூரத் தட்டு, கழுத்தில் தாலிச்சரடு, அதில் தொங்கும் நாலு ஊக்கு ஆகியவற்றோடு ஒரு கேரியர் எப்படி ஒத்துப்போகிறது என்று அவை சொல்வதில்லை. மூன்று மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள பிள்ளையோடு தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கோயில்களுக்குப் போகிறவர்களின் பார்வையில் மட்டும் இங்கே பார்க்கலாம்.

சந்தையில் அதிகம் விற்பது ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதா பை. முன்னால் கார்ட்டூன் படம், ‘மூன்று விதமாக மாட்டலாம்’ என்ற வாசகம், உள்ளே மெல்லிய பஞ்சு. இதன் கோளாறு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பிள்ளையின் இரண்டு தொடைக்கும் நடுவில் வரும் துணி நாலு விரல் அகலம்தான். பிள்ளையின் மொத்த எடையும் அந்த நாலு விரலில் இறங்க, கால்கள் நேராகக் கீழே தொங்கும். பிறந்த முதல் ஆறு மாதத்தில் இடுப்பு மூட்டின் கிண்ணம் இன்னும் முழுமையாக இறுகியிருக்காது. கால்கள் தவளை மாதிரி அகன்று மடங்கியிருந்தால்தான் தொடை எலும்பின் தலை கிண்ணத்தில் சரியாகப் பதியும். நம் ஊர்ப் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைக்கிற விதமும் அதுவே, கால் இரண்டும் இருபக்கமும் கவ்வியபடி. பாட்டி இடுப்பில் வைத்தால் சரியாக உட்காருகிற பிள்ளை, ஆயிரம் ரூபாய்ப் பையில் தொங்குகிறது.

வாங்கும் முன் வீட்டிலேயே அளந்துவிடலாம். பிள்ளையை மடியில் கால் அகட்டி, முழங்கால் மடக்கி உட்கார வையுங்கள். ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை பின்பக்கமாகத் தையல் டேப் வைத்து அளக்கவும். கேரியரின் இருக்கைத் துணி அந்த அளவுக்கு வர வேண்டும். குறைந்தால் கால் தொங்கும். கூடினால் முழங்காலுக்குக் கீழேயும் துணி போய்க் கால் விறைத்து நிற்கும். மூவாயிரத்து ஐநூறு முதல் ஆறாயிரம் ரூபாய் வரை விலையுள்ள அகல இருக்கைக் கேரியர்களில் இந்த அகலத்தை வெல்க்ரோ பட்டையாலோ நாடாவாலோ கூட்டிக் குறைக்கலாம். பிள்ளை வளர வளர மாற்றிக்கொள்ளும் இந்த வசதிக்காகத்தான் கூடுதல் பணம். துணியின் பூ வேலைக்காகக் கொடுக்காதீர்கள்.

மாட்டும் வரிசை முக்கியம், அவசரத்தில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் இடுப்புப் பெல்ட். சிறு பிள்ளைக்கு அது தொப்புளுக்கு மேலே வர வேண்டும். கீழே கட்டினால் பிள்ளையின் தலை நெஞ்சுக்குக் கீழே போய், முகம் துணிக்குள் புதையும். பெல்ட் பக்கிள் ‘டக்’ என்று விழுந்ததும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கவும். அடுத்து பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, முதுகுத் துணியை மேலே இழுத்து, ஒரு கை பிள்ளையின் முதுகை விடாமல் மற்றொரு கையால் தோள் பட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றவும். தோள்பட்டைக்குப் பின்னால் வரும் சின்ன பக்கிள்தான் எல்லோரையும் படுத்தும். கை எட்டவில்லை என்றால் பட்டைகளை நன்றாகத் தளர்த்தி, கழுத்துக்குப் பின்னாலேயே பக்கிளைப் போட்டு, பிறகு கீழே தள்ளி இறுக்கிக்கொள்ளலாம். கடைசியில் பிள்ளையின் முழங்கால் மடிப்பில் இரண்டு கையையும் கொடுத்து லேசாக மேலே தூக்கிவிட்டால் பிட்டம் கீழே இறங்கி முழங்கால் மேலே ஏறும். அதுதான் சரியான உட்காரல்.

இறுக்கம் சரியா என்பதற்கு ஒரே சோதனை: பிள்ளையின் முதுகில் உங்கள் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் அது உங்கள் நெஞ்சை நோக்கி மேலும் நகரக் கூடாது. நகர்ந்தால் தளர்வு, தூங்கும்போது பிள்ளை சுருண்டு சரியும். சரிந்தால் தாடை மார்பில் முட்டும், மூச்சுக்குழல் மடங்கும், சத்தமே வராது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும், குனிந்தால் நெற்றியில் முத்தம் கொடுக்கும் உயரம் இருக்க வேண்டும், முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் துணித் தொட்டில் போல் சுருண்டு கிடக்கும் ஸ்லிங் பைகளைப் பற்றி எச்சரித்தது இந்தக் காரணத்தால்தான். நான்கு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை, குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, எடை குறைந்த பிள்ளை ஆகியோருக்கு ஆபத்து அதிகம் என்றது. பெட்டியில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச எடையைப் பாருங்கள், பல கேரியர்களில் மூன்றரைக் கிலோ அளவில் இருக்கும்.

இனி புடவை. பட்டுப்புடவையும் கேரியரும் ஒத்துவராது. பெல்ட் பட்டில் வழுக்கி இறங்கும், இறங்கும்போது கொசுவத்தையும் இழுத்துக்கொண்டு போகும். கோட்டா, சுங்குடி மாதிரி பருத்திப் புடவையில் பெல்ட் நிற்கும். முந்தானையைக் குறுக்கே மடித்துத் தோளில் குத்துவதற்குப் பதில், கேரியர் மாட்டுவதற்கு முன்பே பின்பக்கமாகச் சுற்றி இடுப்பில் செருகிவிட வேண்டும். தோளில் ஊக்கு வேண்டவே வேண்டாம், அந்த இடத்தில்தான் தோள்பட்டையின் முழு அழுத்தமும் விழுகிறது. தாலிச்சரட்டில் கோத்திருக்கும் ஊக்குகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். பிள்ளையின் கன்னம் ஒரு மணி நேரம் அதன் மேல்தான் கிடக்கப் போகிறது. சரடையே முதுகுப் பக்கம் தள்ளிவிடுவது இன்னும் நல்லது. பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் தாயத்து இருந்தால் அது இருக்கைத் துணிக்குள் தொடையில் அழுந்தும், முன்பக்கம் நகர்த்திவிடவும். கொலுசு பட்டையின் வலையில் சிக்கும். திருஷ்டிப் பொட்டு வைக்க வேண்டுமென்றால் உள்ளங்காலில் வைக்கலாம், கன்னத்தில் வைத்தால் வியர்வையில் கரைந்து உங்கள் ரவிக்கையில் ஏறிவிடும்.

வெயிலுக்கு முந்தானையால் பிள்ளையின் தலையை மூடும் பழக்கம் நம்மிடம் உண்டு, கண் படாமல் இருக்கவும் மூடுவார்கள். கேரியரில் அது கூடாது. உங்கள் உடல் சூடு, பிள்ளையின் சூடு, நடுவில் இரண்டு அடுக்குத் துணி, மேலே முந்தானையும் விழுந்தால் உள்ளே காற்றே இராது. குடை பிடிக்கலாம். பிள்ளைக்கு ஒரே ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும், கேரியரே ஓர் உடுப்பு. பிடரியில் விரல் வைத்துப் பார்த்து, ஈரமாகவும் சூடாகவும் இருந்தால் உடனே வெளியே எடுத்து நிழலில் காற்றாட விட வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை எப்படியும் எடுக்கலாம். ஆறு மாதம் ஆகாத தாய்ப்பால் பிள்ளைக்கு வெயில் காலத்திலும் தண்ணீர் தேவையில்லை, பால்தான் அடிக்கடி தர வேண்டும். புட்டிப் பால் தருபவர்கள் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போகவும். இந்த இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். வழியில் இருக்கும் போர்வெல் குழாயை நம்ப வேண்டாம்.

படியில் கேரியரின் பெரிய குறை வெளிப்படுகிறது. பிள்ளை முன்னால் இருந்தால் உங்கள் பாதம் உங்களுக்குத் தெரியாது. ஏறும்போது அவ்வளவு மோசமில்லை, இறங்கும்போது அடுத்த படி முழுக்க மறைந்துவிடும். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்கள் மூட்டு இணைப்புகள் தளர்வாக இருக்கும், முழங்காலும் இடுப்பும் பழைய பிடிப்பில் இருக்காது. அதோடு வெறுங்கால், எண்ணெய் சிந்திய கல். பக்கவாட்டில் திரும்பி, ஒரு கை சுவரிலோ கைப்பிடியிலோ, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குவதே வழி. ஆள் துணை இருந்தால் உங்களுக்கு இரண்டு படி கீழே, முன்னால் இறங்கட்டும். முதுகில் சுமந்தால் கால் தெரியும், ஆனால் பிள்ளை தானாக உட்காரப் பழகிய பிறகுதான் அது சரி, ஏறக்குறைய ஆறேழு மாதம். கூட்டத்தில் முதுகில் சுமந்தால் பிள்ளை யார் தீபத்தின் அருகே போகிறது என்பது உங்களுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்து யோசிக்கவும்.

சிசேரியன் ஆனவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெல்ட் தொப்புளுக்கு மேலே இருக்கும்வரை தையலில் படாது. ஆனால் பிள்ளை வளர்ந்து பெல்ட் கீழே இறங்கும்போது அதன் விளிம்பு தழும்பின் மேலேயே அழுத்தும். ஆறு வாரப் பரிசோதனையில் மருத்துவர் சரி சொல்லாமல் கேரியரே வேண்டாம். சரி சொன்னாலும் வீட்டுக்குள் பத்து நிமிடம், பிறகு தெருமுனை வரை என்று பழக வேண்டும். படியேறும்போது அடிவயிறு கனத்துக் கீழே இழுப்பது போலிருந்தாலோ சிறுநீர் கசிந்தாலோ அன்றைக்கு அதோடு திரும்பிவிடுவது நல்லது. நேர்த்திக்கடன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு. அந்தக் கடனுக்கு வட்டி கேட்கிற சாமி நம் பக்கத்தில் இல்லை.

சன்னதிக்குள் வந்தால் வேறு சிக்கல்கள். கேரியரை இறுக்கிய பிறகு தொங்கும் பட்டை நுனிகள் ஒரு முழம் வரை இருக்கும். நைலான் நாடா, கற்பூரத் தட்டில் பட்டால் உருகிச் சொட்டும். நல்ல கேரியரில் அந்த நுனியைச் சுருட்டி வைக்க எலாஸ்டிக் வளையம் இருக்கும். இல்லையென்றால் சாதா ரப்பர் பேண்டு போதும். ஆரத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தட்டின் அருகே குனியாதீர்கள், கையை நீட்டி ஒற்றிக்கொள்ளுங்கள். விபூதியைப் பிள்ளையின் நெற்றியில் ஊதிவிடும் வழக்கம் வேண்டாம், மூக்கில் இறங்கும். விரலில் தொட்டு ஒரு புள்ளி வைக்கலாம். தீர்த்தத்தைத் தலையில் தெளித்தால் போதும், ஆறு மாதம் ஆகாத வாயில் ஊற்ற வேண்டாம். பஞ்சாமிர்தத்தில் தேன் சேர்ந்திருக்கும், ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் தடவுவதுகூடத் தவறு. அது நச்சுக்கிருமி வித்துகளால் வரும் பிரச்சினை, கோயிலின் சுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மண்டியிட்டு நெற்றி தரையில் படக் கும்பிடும் பஞ்சாங்க நமஸ்காரம்? கேரியரோடு முடியாது. இடுப்பில் மடங்கிக் குனிந்தால் பிள்ளை மேல்வழியாகச் சரியும். முழங்காலை மடக்கி, முதுகு நேராக, ஒரு கையால் பிள்ளையின் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்து கும்பிடலாம். கிருஷ்ணகிரி பாத்திமா அன்னை திருத்தலம் மாதிரி தேவாலயங்களில் மண்டியிடும்போதும் இதே கவனம், முன் பெஞ்சின் விளிம்பு பிள்ளையின் தலை உயரத்தில்தான் வரும். கைகூப்பக்கூட ஒரு கைதான் மிச்சம் என்றால் ஒரு கையால் கும்பிடுவதில் குற்றமில்லை.

எந்தக் கோயிலுக்கு எது என்பதில் எங்கள் கருத்து இது. அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் நெடுஞ்சாலையை ஒட்டியது, மலையேற்றம் இல்லை. சாதாரண நாளில் கேரியரே தேவைப்படாது. தேய்பிறை அஷ்டமியில் பூசணிக்காய் விளக்கும் நெரிசலுமாக இருக்கும், அன்று கேரியர் இருந்தாலும் கைக்குழந்தையோடு போகாமல் இருப்பதே மேல். தர்மபுரி கோட்டைக் கோயிலில் காமாட்சியம்மன் சன்னதி உயரத்தில் இருக்கிறது, கொஞ்சம் படி ஏற வேண்டும். அகல இருக்கைக் கேரியரைப் பழகிப் பார்க்க அதுதான் சரியான இடம். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைக்கு வாகனம் மேலே போகும். படி வழியை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

தீர்த்தமலை வேறு கணக்கு. செங்குத்தான ஏற்றம், வெயில் ஏறிவிட்டால் கல் சுடும், கையில் தேங்காயோ பழமோ பிளாஸ்டிக் கவரோ இருந்தால் குரங்கு பறிக்க வரும். பால்புட்டியையும் பழம் என்றே நினைக்கும். ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளையை முன்னால் கட்டிக்கொண்டு இந்த மலையில் ஏறுவதற்கு எந்த விலைக் கேரியரையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் பொழுது விடியும்போதே தொடங்கி, பிள்ளையைத் தகப்பன் சுமக்க, தாய் வெறுங்கையோடு ஏற வேண்டும். கேரியரைத் தகப்பன்மார் மாட்டிக்கொள்ளக் கூச்சப்படுகிறார்கள் என்பதும் ஒரு குறைதான், ஆனால் அதற்குக் கேரியர் பொறுப்பல்ல.

அந்த மலையின் தலபுராணத்தையே கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். பூஜைக்குத் தீர்த்தம் கொண்டுவர அனுமனை அனுப்பிவிட்டு ராமர் காத்திருக்கிறார். அனுமன் வர நேரமாகிவிட்டது, பூஜை வேளை தப்புகிறது. நின்ற இடத்திலேயே பாறையில் பாணம் விட, தண்ணீர் கொட்டியது. அதுதான் ராமர் தீர்த்தம். பிறகு வந்து சேர்ந்த அனுமன் கொண்டுவந்த நீரை வீசியெறிய, அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தம் என்ற ஊராக இருக்கிறது. திட்டப்படி வந்த நீரும் வீண் போகவில்லை, திட்டம் தவறியதால் வந்த நீரும் தீர்த்தம்தான். மலையேற முடியாதவர்களுக்கென்று அடிவாரத்திலும் தீர்த்தகிரீஸ்வரர் இருக்கிறார். கைக்குழந்தைக்காரிகள் அங்கே உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வரலாம். வேண்டுதலைப் பிள்ளை சொந்தக் காலில் நடக்கும் வருடத்துக்குத் தள்ளிப்போடுவதாக அங்கேயே சொல்லிவிட்டு வந்தால் மாமியாருக்கும் பதில் கிடைத்துவிடும்.

கேரியருக்கு மாற்றுகளும் உண்டு. ஹிப் சீட் என்பது இடுப்புப் பெல்ட்டோடு ஒட்டிய சின்ன மேடை. ஒக்கலில் வைக்கும் பழக்கத்துக்கு நெருக்கமானது, ஆனால் ஒரு கை எப்போதும் பிள்ளையைப் பிடித்திருக்க வேண்டும், மேடை அடிவயிற்றில் குத்தும். சிசேரியன் ஆனவர்கள் தவிர்க்கவும். ரிங் ஸ்லிங் பருத்தித் துணியில் வளையம் கோத்தது, இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். வெயிலுக்கு இதமானது, பால் கொடுக்கச் சுலபம். ஒரே தோளில் எடை இறங்குவதால் அரை மணிக்கு மேல் தோள் இறங்கிவிடும். கற்றுக்கொள்ள ஒரு வாரமாவது ஆகும். பழைய பருத்திப் புடவையில் தூளி கட்டுவது போல உடம்போடு கட்டிக்கொள்ளும் முறையும் இருக்கிறது. பழகிய கைக்கு அது எந்தக் கேரியருக்கும் குறைந்ததல்ல, பழகாத கைக்கு முடிச்சு அவிழும் பயம். யூடியூப் பார்த்து நேராகக் கோயிலில் முயல வேண்டாம், வீட்டில் கட்டிலை ஒட்டி நின்று பழகலாம்.

எந்த வகையானாலும் பால் கொடுக்க வேண்டுமென்றால் உட்காருங்கள். பெல்ட்டைத் தளர்த்திப் பிள்ளையை இறக்கிக் கொடுத்துவிட்டு, முடிந்ததும் பழைய உயரத்துக்கு ஏற்றி மறுபடி இறுக்கவும். இந்தக் கடைசி வேலையை மறப்பதால்தான் பால் குடித்துத் தூங்கிய பிள்ளை தாடை மடங்கிக் கிடக்கிறது.

அக்கா, நாத்தனார் பயன்படுத்திய கேரியரை வாங்கிக்கொள்வதில் தப்பில்லை, புதிதைவிட நல்லதுகூட. துணி மிருதுவாகியிருக்கும். பக்கிளில் வெடிப்பு, தோள்பட்டை இருக்கைத் துணியோடு சேரும் இடத்தில் தையல் பிரிவு, நாடா இழுக்காமலே நழுவுவது இந்த மூன்றையும் வெளிச்சத்தில் பார்க்கவும். ஒன்று இருந்தாலும் வேண்டாம். மெஷினில் போட்டால் பக்கிள் டிரம்மில் மோதி உடையலாம், வாளியில் ஊறவைத்துக் கையால் கசக்கி நிழலில் காயவைக்கவும். விளக்கு நெய் பட்ட கறை ஊறவைப்பதால் போகாது. கடலை மாவோ அரிசி மாவோ அதன் மேல் தூவி ஓர் இரவு விட்டு, உதறிய பிறகு துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். குங்குமக் கறை போகாது, அதைப் பூ வேலை என்று நினைத்துக்கொள்ளலாம்.